விருதுநகர் பொருட்காட்சியும் காற்றுக்கு எதிரே ஓட்டமும்

பங்குனிப் பொங்கல் முடிந்து, தேர் நிலைக்கு வந்து, அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நான்கு பேர் விருதுநகர் பொருட்காட்சிக்குப் போய் வந்தோம். அன்றிலிருந்து கிணற்றடியில் என்னைத் தண்ணீர் இறைக்க விடுவதில்லை. எந்த பஸ், எவ்வளவு செலவு, ராட்டினத்தில் ஏறினால் வாந்தி வருமா என்று ஆளுக்கொரு கேள்வி. எனக்கு நாலு பேர் சுற்றி நின்று கேட்டால் பேச்சு வராது. எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். நம் படிப்பகத்துக் கையெழுத்துப் பத்திரிகையில் இடம் இருக்கிறது என்றார்கள். அதனால் எல்லாக் கேள்விக்கும் சேர்த்து இங்கேயே பதில் எழுதுகிறேன். நடுவில் நடந்த ஒரு சங்கதியையும் மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் போகிறவர்களுக்கு அதுதான் முக்கியமாக உதவும்.

முதலில் யார் யார் போனோம் என்று சொல்லிவிடுகிறேன். நான், என்னோடு பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னுகிற காளீஸ்வரி, என் தங்கை செல்வி, துணைக்கு எங்கள் அத்தை சண்முகத்தாய். செல்வி இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். காளீஸ்வரிக்கு ஆவணியில் கல்யாணம், மாப்பிள்ளை ஊர் தூத்துக்குடிப் பக்கம். அதற்கு முன்னால் ஒரு தடவையாவது ராட்சத ராட்டினத்தில் ஏறிவிட வேண்டும் என்று அவள்தான் மாசியிலேயே ஆரம்பித்தாள். அத்தை எங்கள் அய்யாவின் அக்கா. அவரும் பட்டாசு வேலைதான். இப்போது வெடிமருந்துப் பக்கம் போவதில்லை, லேபிள் ஒட்டுகிறார்.

ஆண்கள் துணையில்லாமல் பெண்கள் மட்டும் விருதுநகர் போய் வருவது எங்கள் தெருவில் இதுதான் முதல் தடவை. அய்யா சம்மதிக்க இரண்டு வாரம் ஆனது. கடைசியில் சம்மதித்த அன்று எங்கள் எல்லாரையும் நிற்க வைத்துச் சொன்னார்.

"போயிட்டு வாங்க. ஆனா தெருவே பாத்துக்கிட்டு இருக்கு. மல்லிகா அய்யா, பேச்சியம்மா அய்யா அம்புட்டுப் பேரும் எங்கிட்ட கேட்டுட்டுத்தான் அவுக புள்ளைகள விடுவாக. ஒரு சின்னக் குறை வந்துச்சு, அப்புறம் ஒருத்தியும் ஊர் எல்லைய தாண்ட முடியாது. வெளங்குச்சா?"

எங்களுக்கு விளங்கியது. எங்கள் தெருத் தோழிகள் மல்லிகாவும் பேச்சியம்மாளும் அன்று ராத்திரியே வந்து, "ஒளுங்கா போயிட்டு ஒளுங்கா வாங்க, ஒங்க காலுல விளுறோம்" என்று கேட்டுக்கொண்டார்கள்.

போகிற நாளைத் தேர்ந்தெடுப்பதில் நாங்கள் கொஞ்சம் யோசித்தோம். பொங்கல் அன்றும் அக்கினிச்சட்டி அன்றும் போனால் விருதுநகரில் கால் வைக்க இடம் இருக்காது. சர்பத் கூட விலை ஏறிவிடும். தேர் முடிந்த பிறகும் பொருட்காட்சி சில நாள் நடக்கும். கூட்டம் பாதியாகக் குறைந்துவிடும். இன்னொன்று, ராட்டினத்துக்குப் பகலில் ஒரு விலை, விளக்குப் போட்ட பிறகு ஒரு விலை. பகலில் பதினைந்து நயா பைசா, ராத்திரியில் இருபத்தைந்து. விளக்கொளியில் பார்க்க அழகாக இருக்கும் என்பார்கள். ராட்டினத்தின் மேலே உட்கார்ந்திருப்பவருக்கு அந்த அழகு எப்படித் தெரியும்? பகலிலேயே போங்கள்.

நாங்கள் ஞாயிறு காலை ஏழு மணி பஸ்ஸுக்கு நின்றோம். புதுப்பட்டியிலிருந்து சிவகாசிக்கு ஆளுக்கு முப்பது நயா பைசா. செல்விக்குப் பாதி. கண்டக்டர் எங்களைப் பார்த்துவிட்டு, "என்ன, கம்பெனி இன்னிக்கி லீவு இல்லையா?" என்றார். காளீஸ்வரி, "லீவுதான். நாங்க ஊரு சுத்தப் போறோம். ஏன், நீங்க மட்டுந்தான் தெனமும் சுத்துவீகளா?" என்றாள். பஸ்ஸே சிரித்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவளோடு எங்கே போனாலும் இப்படித்தான்.

சிவகாசியில் இறங்கி ரயில் நிலையத்துக்கு நடந்தோம். வண்டி பிடிக்கத் தேவையில்லை, இருபது நிமிஷ நடைதான். வழியில் அச்சாபீஸ் சுவரோரம் வீணான காலண்டர் தாள்களைக் குவித்துப் போட்டிருந்தார்கள். செல்வி அதில் நல்லதாக ஒரு லட்சுமி படம் எடுத்துக்கொண்டாள். ரயிலுக்கு ஆளுக்கு நாற்பத்தைந்து நயா பைசா. பஸ்ஸில் போனால் இன்னும் பத்துப் பைசா அதிகம், குலுக்கலும் அதிகம். எட்டே முக்காலுக்கு வண்டி வந்தது. திருத்தங்கல் தாண்டியதும் இரண்டு பக்கமும் கரிசல் காடு. பருத்தி எடுத்து முடிந்து செடியின் மார் மட்டும் காய்ந்து நின்றது. அத்தை செல்வியை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தந்திக் கம்பமும் வரும்போது "இந்தா ஒண்ணு, இந்தா ஒண்ணு" என்று காட்டிக்கொண்டே வந்தார். அவர் அத்தனை சந்தோஷமாக இருந்து நான் பார்த்து ரொம்ப நாள் ஆயிற்று.

விருதுநகரில் முதலில் கோயிலுக்குப் போய் அம்மனைக் கும்பிட்டோம். பிறகு தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்து, கொண்டுபோன புளிச்சாதத்தையும் துவையலையும் சாப்பிட்டோம். சாப்பாட்டை வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். கிளப்புக் கடையில் நாலு பேர் சாப்பிட்டால் ராட்டினத்தை மறந்துவிட வேண்டியதுதான். புளிச்சாதத்தில் எண்ணெய் கொஞ்சம் கூடுதலாக விட்டால் சாயங்காலம் வரை கெடாது. மீதியை அத்தை பைக்குள் கட்டி வைத்தார்.

பொருட்காட்சிக்கு நுழைவுச் சீட்டு பன்னிரண்டு நயா பைசா. உள்ளே போனதும் இடது கைப் பக்கம் வளையல், ரிப்பன், பிளாஸ்டிக் பொம்மைக் கடைகள். வாங்குகிற எண்ணம் இல்லையென்றால் அந்தப் பக்கம் நடக்காதீர்கள். நாங்கள் நடந்தோம், காளீஸ்வரி ஒரு டஜன் வளையல் வாங்கினாள். வலது கைப் பக்கம் பேசும் தலை, மூன்று கால் கோழி, நிழற்படம் பிடிக்கிற கடை. நடுவில் குடைராட்டினமும் ராட்சத ராட்டினமும். அதற்கு அடுத்தாற்போல் மரப்பலகையால் கட்டிய பெரிய கிணறு. அதற்குள் ஒருவர் மோட்டார் சைக்கிளைச் சுவரிலேயே ஓட்டிச் சுற்றுகிறாராம். வெளியே படம் எழுதி வைத்திருந்தார்கள். அதற்கு இருபத்தைந்து பைசா என்பதால் நாங்கள் போகவில்லை.

ராட்சத ராட்டினத்தைக் கிட்டத்தில் பார்த்ததும் எனக்கு வேண்டாம் என்றாகிவிட்டது. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலித்தது. டீசல் எஞ்சின் புகையைக் கக்கிக்கொண்டு நின்றது. ராட்டினக்காரர் பெரிய மீசைக்காரர். செல்வியைப் பார்த்துவிட்டு, "இந்தப் பாப்பாவுக்கு இது ஆகாது, குடையில ஏத்துங்க" என்றார். அத்தையைப் பார்த்து, "நீங்க வாரீகளா, ஆச்சி?" என்றார்.

"நான் எதுக்குய்யா? எனக்குக் கால் தரையில இருக்கணும்" என்றார் அத்தை.

காளீஸ்வரி என் கையை விடவில்லை. "ஏ புள்ள, நான் தூத்துக்குடிக்குப் போயி அங்கன யாரோட ராட்டினம் ஏற? மாமியாரோடயா?" என்றாள். ஏறிவிட்டோம். அத்தையும் செல்வியும் கீழே குடைராட்டினத்துக்குப் பக்கத்தில் நின்றார்கள். செல்வி ஒரு மரக்குதிரையில் ஏறிச் சுற்றி முடித்துவிட்டு அப்போதுதான் இறங்கியிருந்தாள்.

ராட்டினம் எப்படி இருந்தது என்று கேட்டவர்களுக்கு: மேலே போகும்போது ஒன்றும் இல்லை. இறங்கும்போது வயிறு மட்டும் மேலேயே தங்கிவிடும். இரண்டு சுற்றில் பழகிவிடும். மேலேயிருந்து பார்த்தால் விருதுநகர் முழுக்கத் தெரிகிறது. பருத்தி மூட்டை அடுக்குகிற கிட்டங்கிகளின் தகரக் கூரை, கோயில் கோபுரம், தெப்பக்குளம், ரயில் பாதை எல்லாம். மூன்றாவது சுற்றில் எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. நாலாவது சுற்றில் நாங்கள் சரியாக உச்சிக்குப் போன நேரத்தில், கீழே 'டமார்' என்று ஒரு வெடி.

நம் ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. ஆனால் இந்தப் பத்திரிகை மல்லாங்கிணறு வரைக்கும் போகிறதாம். அங்கே வெள்ளாமை பார்க்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். பட்டாசுக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தவுடன் சொல்லித் தருவது ஓட்டம். சரம் பின்னச் சொல்லித் தருவதெல்லாம் அதற்குப் பிறகுதான். சத்தம் கேட்டால் எங்கே என்று திரும்பிப் பார்க்கக் கூடாது. கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் ஓட வேண்டும், அப்போதுதான் புகையும் நெருப்பும் பின்னால் வராது. வேலிக்கு வெளியே போய் ஒரு மரத்தடியில் நிற்க வேண்டும். போர்மேன் வந்து ஒவ்வொருவர் பேராகக் கூப்பிடுவார். 'இருக்கேன்' என்று சொல்ல வேண்டும். பேர் கூப்பிட்டு முடியும் வரை யாரும் அசையக் கூடாது. உள்ளே திரும்பிப் போகவே கூடாது. இதெல்லாம் யோசித்துச் செய்வதில்லை. கால் தானாகச் செய்யும்.

என் கால் தானாக எழுந்தது. காளீஸ்வரியும் எழுந்துவிட்டாள். பெட்டி அப்படியே ஒரு பக்கம் சாய்ந்தது. அடுத்த பெட்டியில் இருந்த அம்மாள், "ஏ உக்காருங்கடி! ஒங்களுக்கு என்ன கிறுக்கா?" என்று கத்தினார். ஓட வேண்டும், ஆனால் காலுக்குக் கீழே தரை இல்லை. இரண்டு பேரும் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டோம்.

கீழே பார்த்தேன். மரக்கிணற்றுப் பக்கம் ஜனங்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். மோட்டார் சைக்கிளின் புகைக்குழாய் போட்ட சத்தம்தான் அது. ஆனால் அத்தைக்கு அது தெரியாது. பையைப் போட்டார். செல்வியை ஒரே தூக்காகத் தூக்கி இடுப்பில் வைத்தார். குனிந்து, சேலையை முழங்காலுக்கு மேலே அள்ளிப் பிடித்துக்கொண்டு ஓடினார். கூட்டத்தில் ஒரு நொடி அவருடைய மஞ்சள் சேலை தெரிந்தது. எங்கள் பெட்டி கீழே இறங்கியது. மறுபடி மேலே வந்தபோது சேலையைக் காணோம்.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று காளீஸ்வரி கத்தினாள். ராட்டினக்காரர் கீழேயிருந்து, "பயப்படாதீக தாயி, இன்னும் மூணு சுத்துத்தான்" என்றார். அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். அந்த மூன்று சுற்றும் எனக்கு எப்படிப் போயின என்று எழுதத் தெரியவில்லை.

இறங்கி ஓடிப் பார்த்தால் குடைராட்டினத்துக்குப் பக்கத்தில் சாப்பாட்டுப் பை கிடந்தது. செல்வியின் லட்சுமி படமும் மிதிபட்டுக் கிடந்தது. எதிர்க் கடையில் வளையல் விற்கிற பொம்பளை, "அந்த மஞ்சச் சேல ஒங்க ஆளா? புள்ளைய வாரிக்கிட்டு ஓடுதே, நான் புள்ளை புடிக்கிறவளோன்னு நெனச்சேன். கிறுக்கா, மண்டைக்கு வழியில்லையா அதுக்கு?" என்றாள்.

"ஒங்க மண்டைக்குத்தான் வழியில்ல. புள்ளை புடிக்கிறவன்னு நெனச்சவுக ஏன் சும்மா ஒக்காந்திருந்தீக?" என்று காளீஸ்வரி கேட்டுவிட்டு என்னை இழுத்துக்கொண்டு நடந்தாள்.

மைக் கொட்டகைக்குப் போனோம். அங்கே கண்ணாடி போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். காளீஸ்வரி விவரம் சொன்னாள். அவர் மைக்கில், "எம். புதுப்பட்டியிலிருந்து வந்திருக்கும் சண்முகத்தாய் அம்மாள் எங்கிருந்தாலும் உடனே உள்ளே மைக் கொட்டகைக்கு வரவும். உங்கள் பிள்ளைகள் இங்கே காத்திருக்கிறார்கள்" என்று மூன்று தடவை சொன்னார். யாரும் வரவில்லை. பத்து நிமிஷம் கழித்து மறுபடி சொன்னார். வரவில்லை. "வெளியூர் ஆளுகதானே? பஸ் ஏறிப் போயிருப்பாக" என்றார்.

அத்தை எங்களை விட்டுவிட்டுப் போக மாட்டார். அது எனக்குத் தெரியும். ஆனால் செல்வி பயந்து கையை உதறி இறங்கியிருந்தால்? ரோட்டில் லாரி, மாட்டு வண்டி எல்லாம் போகிறது. தெப்பக்குளம் கிட்டத்தில்தான் இருக்கிறது. அவளுக்கு நீச்சல் தெரியாது. அய்யா முகத்தில் எப்படி முழிப்பேன்? மல்லிகா, பேச்சியம்மா யாருமே எனக்கு ஞாபகத்தில் இல்லை. செல்வியின் சின்னக் கால்தான் கண்ணுக்கு முன்னால் நின்றது. காளீஸ்வரியும் அழ ஆரம்பித்துவிட்டாள். "நாந்தான் கெடுத்தேன், நாந்தான் ராட்டினம் ராட்டினம்னு அலைஞ்சேன்" என்றாள். அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை நின்றுவிட்டது. ஒருத்தியாவது யோசிக்க வேண்டுமே.

யோசித்தபோது அத்தையின் பழைய கம்பெனி ஞாபகம் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அங்கே ஒரு அறை வெடித்தது. எல்லோரும் ஓடி வெளியே வந்துவிட்டார்கள். பேர் கூப்பிடுவதற்கு முன்னாலேயே, அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்த ஒரு பெண், தூக்குச்சட்டியை விட்டுவிட்டேன் என்று உள்ளே போனாள். அடுத்த அறையும் வெடித்தது. அதற்கு மேல் அத்தை சொன்னதில்லை.

மைக்குக்காரர் என்ன சொன்னார்? 'உள்ளே வரவும்' என்றார். வெடித்த இடத்துக்கு உள்ளே வரச் சொன்னால் அத்தை வருவாரா? ஆயிரம் தடவை கூப்பிட்டாலும் வர மாட்டார். அவர் ஓடி முடித்த இடத்திலேயே நின்றுகொண்டு, யாராவது வந்து பேர் கூப்பிட வேண்டும் என்று காத்திருப்பார். நாம்தான் போக வேண்டும்.

"நீ இங்கனயே இரு. அவுக வந்தா நம்மளத் தேடக் கூடாது" என்று காளீஸ்வரியிடம் சொல்லிவிட்டு வாசலுக்கு ஓடினேன். சீட்டுக் கிழிக்கிறவர், "வெளிய போனா திரும்ப வர வேற சீட்டு எடுக்கணும்" என்றார். சரி என்று தலையை ஆட்டினேன். வாசல் வளைவில் கட்டியிருந்த தாள் தோரணங்களைப் பார்த்தேன். எல்லாம் மேற்கே பார்த்துப் படபடத்தன. அப்படியென்றால் காற்று கிழக்கேயிருந்து வருகிறது. கிழக்கே நடந்தேன்.

ரோட்டைத் தாண்டினால் ஒரு பருத்திக் கிட்டங்கியின் நீளமான சுவர். அதை ஒட்டி மாட்டு வண்டிகளை அவிழ்த்துப் போட்டிருந்தார்கள். வண்டிக்காரர்கள் பத்துப் பேர் நிழலில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான் "அத்த, அத்த" என்று மெதுவாகக் கூப்பிட்டுக்கொண்டே போனேன். எனக்கே கேட்கவில்லை.

ஒரு வண்டிக்காரர், "யாரத் தேடுறீக தாயி? ஆட்டுக்குட்டியவா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஒரு நிமிஷம் திரும்பிப் போய்க் காளீஸ்வரியைக் கூட்டிக்கொண்டு வரலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் அத்தை 'அத்தை' என்று கூப்பிட்டால் வர மாட்டார் என்று எனக்குத் தோன்றியது. விருதுநகரில் அத்தை ஆயிரம் பேர். போர்மேன் கூப்பிடுவது மாதிரிக் கூப்பிட வேண்டும். போர்மேனுக்குத் தொண்டை பெரிசு. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன்.

"சண்முகத்தாய்! லேபிள் ரூம்!"

சீட்டு விளையாட்டு நின்றுவிட்டது.

சுவர் முடிகிற இடத்தில் ஒரு வேப்ப மரம். அதற்குப் பின்னாலிருந்து, "இருக்கேன்!" என்று அத்தையின் குரல் வந்தது.

"செல்வி! ரெண்டாங் கிளாஸ்!"

"இருக்கேன்!" என்று செல்வி கத்தினாள். பள்ளிக்கூடத்தில் 'உள்ளேன் ஐயா' சொல்லுகிறவள், அத்தையைப் பார்த்து அப்படிச் சொன்னாள்.

நான் ஓடிப் போனேன். அப்படியே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். செல்வி வெள்ளரிப்பிஞ்சு தின்றுகொண்டிருந்தாள். ஒரு வண்டிக்காரர் கொடுத்தாராம். அவள் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. அத்தைக்குத்தான் கால் பெருவிரல் கல்லில் இடித்து ரத்தம் காய்ந்திருந்தது.

"எம்புட்டு நேரமாச்சு! ஒருத்தராச்சும் வந்து பேரு கூப்பிடணும்னு தோணுச்சா?" என்று அத்தை என்னைத்தான் அதட்டினார்.

"மைக்குல கூப்பிட்டாகளே அத்த, கேக்கலையா?"

"கேட்டுச்சு. உள்ள வரச் சொன்னான். வெடிச்ச எடத்துக்கு உள்ள வரச் சொல்லுறவன் மனுசனா? இவ வேற, 'அக்கா கூப்பிடுது, போவோம்'னு கையப் புடிச்சு இளுக்கா. விடுவேனா நான்?"

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, வெடி ஒன்றும் இல்லை, மோட்டார் சைக்கிள் குழாய்ச் சத்தம், அந்தக் கிணற்றில் ஓட்டுகிறவர் வேடிக்கைக்காகப் போட்டது என்று சொன்னேன். அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"அப்ப யாருக்கும் ஒண்ணும் ஆகலையா?"

"ஒண்ணும் ஆகல அத்த."

"உள்ள அம்புட்டுப் பேரும் இருக்காகளா?"

"எல்லாரும் இருக்காக. கைதட்டிக்கிட்டு இருக்காக."

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு சிரித்தார். சிரித்துக்கொண்டே, "கைதட்டுறாகளா! நாசமாப் போவாக" என்றார்.  அந்தச் சிரிப்பு நல்ல சிரிப்பு.

காளீஸ்வரியை வெளியே வரவழைக்க வேண்டுமே. அத்தை உள்ளே வர மாட்டேன் என்றார். நானும் கேட்கவில்லை. இரண்டு பேரையும் வாசல் வரை கூட்டிக்கொண்டு போய், சீட்டுக் கிழிக்கிறவரிடம் விஷயத்தைச் சொன்னேன். நானே சொன்னேன். அவர் என் அத்தையின் கால் விரலைப் பார்த்துவிட்டு, "நீ சீட்டெல்லாம் எடுக்க வேண்டாம் தாயி, ஓடிப்போய்க் கூட்டிட்டு வா" என்றார். என்னைப் பார்த்ததுமே காளீஸ்வரி எழுந்து வந்தாள். என் முகமே போதுமாக இருந்தது. வெளியே வந்து செல்வியைத் தூக்கி வைத்துக்கொண்டு, அவள் கையிலிருந்த வெள்ளரிப்பிஞ்சைப் பிடுங்கிக் கடித்துவிட்டு, "ஏ அத்த, ஓட்டப் பந்தயத்துக்குப் போயிருந்தா குத்துவிளக்காச்சும் வாங்கியிருக்கலாம்" என்றாள். அத்தை அவள் தலையில் குட்டினார். பழையபடி ஆகிவிட்டோம்.

அப்புறம் பசி எடுத்தது பாருங்கள், அப்படி ஒரு பசி. மீதிச் சாதத்தை அந்த வேப்ப மரத்தடியிலேயே தின்று முடித்தோம். அது போதாதென்று கடைத்தெருவில் எண்ணெயில் பொரித்த புரோட்டா நாலு வாங்கிப் பங்கு போட்டோம். காளீஸ்வரியின் வளையலை விட்டால், போட்டிருந்த திட்டத்தில் இல்லாத செலவு அன்று முழுவதும் இது ஒன்றுதான். அந்தப் புரோட்டா மாதிரி நான் இதுவரை எதையும் சாப்பிட்டதில்லை. ஐந்தரை மணி ரயிலைப் பிடித்துச் சிவகாசி வந்து, கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் ஏறினோம். கடைசி பஸ்ஸை நம்பிப் போகாதீர்கள். கூட்டம் இருந்தால் நிறுத்த மாட்டார்கள்.

பஸ்ஸில் வரும்போதே அத்தையைக் கேட்டேன், அய்யாவிடம் எப்படிச் சொல்வது என்று. "நான் சொல்லிக்கிடுறேன், நீங்க வாயத் தொறக்காதீக" என்றார். ஆனால் புதுப்பட்டியில் இறங்கியதும், அங்கே காத்துக்கொண்டிருந்த அய்யாவிடம் செல்வி ஓடிப் போய், "அய்யா, வெடி வெடிச்சுச்சு, அத்த என்னத் தூக்கிட்டு ஓடிச்சு, நாங்க காணாமப் போயிட்டோம்!" என்று மொத்தத்தையும் கொட்டிவிட்டாள். பஸ் நிறுத்தத்தில் மல்லிகா அய்யாவும் இன்னும் இரண்டு பேரும் நின்றார்கள்.  முடிந்தது என்று நினைத்தேன்.

அய்யா அத்தையைப் பார்த்தார். அய்யாவும் பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றுகிறவர். இருபது வருஷமாக அங்கேதான் இருக்கிறார்.

"எந்தப் பக்கம் ஓடுன, அக்கா?"

"காத்துக்கு எதுக்க."

"பொறவு உள்ள போனியா?"

"நான் எதுக்குப் போறேன்? மைக்குல கூப்பிட்டான். போகல."

"பேரு கூப்பிட்டது யாரு?"

காளீஸ்வரி என்னைக் காட்டினாள். "இவதான். தெப்பக்குளத்துத் தண்ணி அலையடிச்சிருக்கும் போல, அப்படிக் கத்தியிருக்கா." அவள் அங்கே இல்லவே இல்லை. அத்தை சொன்னதைக் கேட்டுச் சொன்னாள்.

அய்யா என்னைப் பார்த்தார். பிறகு செல்வியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு மல்லிகா அய்யாவிடம் திரும்பினார். "போயிட்டு வரட்டும்ப்பா. இதுகளுக்கு வெவரம் இருக்கு" என்றார். அவ்வளவுதான்.  நடந்து வரும்போது நானும் காளீஸ்வரியும் பின்னால் கையைக் கோத்துக்கொண்டு வந்தோம். வெறுங்காலில் அந்தப் புழுதி மெத்தென்று இருந்தது.

ஆக, இனிப் போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியவை. பெரியவர் ஒருவருக்கு எல்லாம் சேர்த்து இரண்டு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாகத்தான் ஆகும், வளையல் வாங்காமல் இருந்தால். பங்குனி வெயிலுக்குத் தண்ணீர்ச் செம்பு கொண்டு போங்கள், உள்ளே தண்ணீரையும் காசுக்கு விற்கிறார்கள். ராட்டினத்தில் ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே சாப்பிட்டுவிடுங்கள். சின்னப் பிள்ளைகளைக் குடைராட்டினத்தில் விடுங்கள். மோட்டார் சைக்கிள் கிணற்றுப் பக்கம் போகாதீர்கள், அல்லது போவதற்கு முன்னால் அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று துணைக்கு வருகிறவர்களிடம் சொல்லி வையுங்கள். நம் ஆட்கள் ஓடத்தான் செய்வார்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

உள்ளே போவதற்கு முன்னால் வாசலுக்கு வெளியே எல்லாருமாக ஒரு மரத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். யார் பேர் கூப்பிடுவது என்று ஒருத்தியை முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள், போர்மேன் வர மாட்டார். அவள் கூப்பிட்டால் வெட்கப்பட்டு முனகாதீர்கள். சத்தமாகப் பதில் சொல்லுங்கள். அந்தப் பதில் காதில் விழுகிற வரைக்கும் கூப்பிடுகிறவளுக்கு மூச்சு வராது.